மாணவரின் தடிமன்

"மேடம், ஸ்டூடன்ட் டேபிள்ல 'திக்னஸ்'னு ஒரு கட்டம் இருக்கே, அது என்ன?"

போன மாதம் நிவேதா என்ற பெண் தொலைபேசியில் இப்படிக் கேட்டாள். பெங்களூர் கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பவள். எங்கள் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் கணிதத் துறைக்கு நாங்கள் முன்பு எழுதிக்கொடுத்த வெப் அப்ளிகேஷனைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டும் பொறுப்பு அவளுக்கு. பழைய கோப்புகளில் என் பெயரைக் கண்டுபிடித்து, யார் யாரையோ கேட்டு என் நம்பரை வாங்கியிருக்கிறாள்.

"தடிமன்" என்றேன்.

"யாரோட தடிமன் மேடம்?"

"மாணவரோடது. மில்லிமீட்டர்ல."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "எல்லாருக்கும் ஒன்னு புள்ளி ரெண்டுன்னு இருக்கு" என்றாள்.

"ஆமா. ஷூ மேல்தோலுக்கு அதான் அளவு. காலியா விட்டா ப்ரோகிராம் ஏத்துக்காது. அதனால கிளார்க் எல்லாருக்கும் அதையே போட்டுட்டார்."

"மேடம், இது யாராவது விளையாட்டா எழுதினதா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "விளையாட்டு இல்லம்மா. கமிட்டி உட்கார்ந்து பாஸ் பண்ணது" என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்த பிறகுதான், பாவம், அந்தப் பெண் என்ன செய்வாள் என்று தோன்றியது. அவளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். அவள் வயதில் இருக்கும் மற்றவர்களும் படிக்கலாம். மென்பொருள் என்றால் கண்ணாடிக் கட்டடத்தில் காபி குடித்துக்கொண்டே பிறக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்களுடையது சுண்ணாம்புக் குழியிலிருந்து வந்தது.

நான் ஆம்பூர்க்காரி. பி.எஸ்சி. முடித்தேன், டைப்ரைட்டிங் ஹையர் முடித்தேன், வேலூருக்கு ரயிலில் போய் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தேன். அந்தக் காலத்துப் பயிற்சியில் எனக்கு நன்றாக நினைவிருப்பது வாசலில் செருப்பைக் கழற்றியதுதான். ஊர் உலகத்துக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்பும் பூமியில், கம்ப்யூட்டர் அறைக்குள் மட்டும் யாரும் காலில் எதையும் போட்டுக்கொண்டு நுழையக் கூடாது. தூசு பட்டால் கம்ப்யூட்டருக்கு ஜுரம் வரும் என்று நினைத்தார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜப்பார் பாயிடம் வேலைக்குச் சேர்ந்தேன். ஆம்பூரில் ஷூ லைனிங் துணி விற்கும் கடை ஒன்றின் மாடியில் எங்கள் கம்பெனி. பாய் அதற்கு முன் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் ஸ்டாக் பார்த்தவர். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் சரக்கைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. நான் ஒரு ரிப்போர்ட்டை அச்செடுத்துக் கொடுத்தால், படிப்பதற்கு முன் தாளின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். திருப்தியானால்தான் கண்ணாடியைப் போடுவார். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனதையும் பார்த்திருக்கிறேன்.

தோல் ஷாப்புகளுக்கு, அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்கு, நாங்கள் எழுதிய ப்ரோகிராமுக்கு பாய் ஒரே ஒரு சட்டம்தான் வைத்திருந்தார். "சரக்கு முன்னாடிதாம்மா போவும். பின்னாடி வராது."

பச்சைத் தோல் உள்ளே வரும். ஊறும், சுண்ணாம்பு ஏறும், டிரம்மில் சுற்றும், மெருகேறும், செலக்‌ஷனில் தரம் பிரிப்பார்கள், கடைசியில் டெஸ்பாட்ச். ஒரு லாட் சரக்கு டெஸ்பாட்ச் ஆகிவிட்டால் அதில் உள்ள ஒரு தோலின் விவரத்தைக்கூட யாரும் தொட முடியாது. தொட விட்டால் திருட்டுக் கணக்கு எழுதுவார்கள் என்பது பாயின் அனுபவம். போன சரக்கு திரும்பி வர ஒரே வழி, வாங்கிய பார்ட்டி அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். காரணம் சொல்லி, கையெழுத்துப் போட்டு. அதற்கென்று தனியாக ஒரு திரை இருந்தது. அதை நானே எழுதினேன், நன்றாகவே எழுதினேன். எந்த ஷாப்பிலும் அதை ஏமாற்ற முடிந்ததில்லை.

இரண்டாயிரம் பிறந்த புதிதில் பேராசிரியர் ராஜமாணிக்கம் எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். கணிதத் துறையின் தலைவர். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் சிவப்புப் பென்சில். துறைக்கு ஒரு வெப் அப்ளிகேஷன் வேண்டும், சேர்க்கையிலிருந்து சான்றிதழ் வரை எல்லாம் அதிலேயே நடக்க வேண்டும் என்றார். அவருடைய உறவினர் ஒருவர் தோல் ஷாப்பில் கணக்கர். எங்கள் ப்ரோகிராமைப் புகழ்ந்திருக்கிறார்.

"உங்கள் மென்பொருளில் முரண்பாடு வருமா?" என்று கேட்டார் பேராசிரியர். அவர் பேச்சும் அச்சடித்த மாதிரிதான் இருக்கும்.

"வராது சார். முரண்டு பண்ணா நம்ம ப்ரோகிராமு தோலையே வெளிய விடாது" என்றார் பாய்.

இருவருக்கும் ஒருவரையொருவர் உடனே பிடித்துப்போயிற்று.

அவர் இறங்கிப் போனதும் நான், "பாய், அது காலேஜு. நமக்குத் தோல்தானே தெரியும்" என்றேன்.

"இன்னாம்மா காலேஜு? ரா மெட்டீரியலு வருது. ஊற வைக்கிறாங்க. ரெண்டு வருசம் டிரம்ல போட்டு சுத்துறாங்க. செலக்‌ஷன் பண்றாங்க. டெஸ்பாட்ச் பண்றாங்க. இதுல இன்னா வித்தியாசம், நீயே சொல்லு."

நானும் ஒரு கல்லூரியில் மூன்று வருடம் ஊறியவள்தான். யோசித்துப் பார்த்தேன். வித்தியாசம் எதுவும் அகப்படவில்லை.

"பார்ட்டின்னு ஒரு இடம் இருக்கே? சரக்கை வாங்கிக்கிறவங்க. மாணவருக்கு பார்ட்டி யாரு?"

"அப்பன்தாம்மா. படிச்சி முடிச்சா யார்கிட்ட டெலிவரி குடுக்கிறோம்? அவங்கப்பன்கிட்டதான."

இப்படித்தான் எங்கள் தோல் ப்ரோகிராம் வெப் அப்ளிகேஷன் ஆயிற்று. வெப் பக்கங்கள் எழுதுவதை ஒரு தலையணைப் புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். திரைகளை உலாவியில் திறக்கும்படி மாற்றினேன். தோலைக் குறிக்க 'ஹைட்' என்று இருந்த இடங்களில் எல்லாம் ஒரே கட்டளையில் 'கேண்டிடேட்' என்று போட்டேன். கட்டளை சொன்னபடி செய்தது. 'கேண்டிடேட் சுண்ணாம்பில் இருந்த நாட்கள்' என்றொரு கேள்வி பிறந்தது. இதையெல்லாம் எடுத்துவிடலாம் என்று பாயிடம் சொன்னேன். "கமிட்டி பார்க்கும். அவங்க படிச்சவங்க. வேணாம்னா அவங்களே எடுப்பாங்க" என்றார்.

கமிட்டி கூடியது. ஐந்து பேராசிரியர்கள். எல்லாத் திரைகளையும் அச்சிட்டுக் கட்டாகக் கட்டி ஆளுக்கொன்று வைத்திருந்தேன். முதல் பக்கத்தில் பின்னணி நிறம் இளம்பச்சையா, இளநீலமா என்று விவாதம் தொடங்கியது. சாயங்காலம் வரை நடந்தது. பச்சை வென்றது. மீதிப் பக்கங்களை யாரும் திருப்பவில்லை. வெளித்துறை உறுப்பினர் ஒருவர் மட்டும் கட்டை நடுவில் பிரித்து, "உப்புக் கறை என்றால் என்ன?" என்று கேட்டார்.

"வரையறை பின்னிணைப்பில் இருக்கும்" என்றார் பேராசிரியர். கேட்டவர் திரும்பவும் பிரித்துப் பார்க்கவில்லை. பின்னிணைப்பு என்று ஒன்று இல்லவே இல்லை. ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அன்றிலிருந்து அது விதி. ஒரு சொல்லை மாற்ற வேண்டுமானாலும் கமிட்டி மறுபடி கூட வேண்டும்.

பேராசிரியரின் போக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் வாரமே என்னைக் கூப்பிட்டு, "மதியம் ஒன்றரை மணிக்கு நம் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். திறக்கிறது" என்றார், குற்றம் சாட்டும் குரலில்.

"திறக்கத்தானே சார் வேணும்?"

"துறை மூடியிருக்கிறது. துறையின் பக்கம் மட்டும் எப்படித் திறந்திருக்கும்?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் எழுதுங்கள். ஆக, அந்த வெப்சைட்டுக்கு மதிய உணவு இடைவேளை விடப்பட்டது. ஒன்றிலிருந்து இரண்டு வரை யார் திறந்தாலும் 'இடைவேளை' என்று இளம்பச்சையில் வரும். மாலை ஐந்துக்கு மூடும், சனிக்கிழமை ஒரு மணியோடு சரி, ஞாயிறு விடுமுறை. அமெரிக்காவில் இருந்த பழைய மாணவர் ஒருவர் இது என்ன கூத்து என்று கேட்டு எழுதினார். அவர் ஊரில் எத்தனை மணி என்பது துறைக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று பேராசிரியர் பதில் போட்டார்.

அடுத்தது சர்வர். அதைத் தம் அறையிலேயே இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். காற்றுக்காக பீரோவின் பக்கவாட்டில் துளை போட்டு, முறுக்குப் பிழியும் அச்சு மாதிரி ஆக்கியிருந்தார். சர்வருக்குள் நேராகப் போகும் பாஸ்வேர்டின் முன்பாதி அவருக்கு மட்டும் தெரியும், பின்பாதி பாய்க்கு மட்டும் தெரியும். ப்ரோகிராமை எழுதிய எனக்கு எந்தப் பாதியும் கிடையாது. "நம்பிக்கையின்மை அல்ல. அமைப்பு" என்றார். அவர் அப்படித்தான். கோபமே வராது, ஆனால் ஒரு அங்குலம் நகர மாட்டார்.

இந்த அமைப்பில்தான் எஸ்தர் மாட்டிக்கொண்டாள்.

எஸ்தர் மாதனூர்ப் பெண். எங்கள் அப்ளிகேஷனில் சேர்ந்து எம்.எஸ்சி. முடித்த முதல் லாட்டில் ஒருத்தி. மன்னிக்க வேண்டும், முதல் பேட்ச். முதல் பருவத் தேர்வு சமயத்தில் டைபாய்டு வந்து ஒரு தாள் எழுதவில்லை. பிறகு தனியாக எழுதித் தேறிவிட்டாள். ஆனால் அந்த மதிப்பெண் தேர்வுப் பிரிவிலிருந்து வந்து சேர்வதற்குள் பேட்ச் முழுவதும் டெஸ்பாட்ச் ஆகிவிட்டது. கிளார்க் மதிப்பெண்ணை ஏற்றப் பார்த்தபோது, 'கேண்டிடேட் வெளியே போய்விட்டது, தரையில் இல்லை' என்று திரை சொன்னது. தொழிற்சாலைத் தரையில் இல்லை என்று அர்த்தம். கிளார்க்குக்கு அது தெரியாது.

"நீ தரையிலயே இல்லன்னு சொல்லுதும்மா" என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்.

எஸ்தர் தன் காலைப் பார்த்தாளாம்.

சிரிக்கலாம். ஆனால் ஜோலார்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கணித ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை தற்காலிகச் சான்றிதழோடு வந்து சேர வேண்டும், இல்லையென்றால் அடுத்தவரைக் கூப்பிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். மதிப்பெண் ஏறாமல் சான்றிதழ் அச்சாகாது. அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளத்துக்குச் சான்றிதழைக் காட்டிப் போகும் முதல் ஆள் அவள். சனிக்கிழமை காலை பேராசிரியர் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். ஒரு மணிக்கு வெப்சைட் மூடிவிடும். அதற்குள் நடந்தால் உண்டு.

நானும் பாயும் போய்ச் சேர்ந்தபோது எஸ்தர் அறை வாசலில் நின்றிருந்தாள். பேராசிரியரிடம் நேராகவே கேட்டேன். "சார், உங்க பாதி பாஸ்வேர்டும் பாயோட பாதியும் போட்டா நான் உள்ள போய் ஒரு நம்பரை மாத்திட்டு வந்துடுவேன். அஞ்சு நிமிஷம்."

"திரையில் வழி இருக்கிறதா, இல்லையா?"

"இருக்கு. பார்ட்டி ரிட்டர்ன். ஆனா அது..."

"முன்வாசல் இருக்கும்போது பின்வாசல் எதற்கு? ரிட்டர்ன் போடுங்கள். பார்ட்டியைக் கூப்பிடுங்கள்."

பார்ட்டி அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கம்பெனி நீலக் கோட்டோடு வந்தார். எஸ்தரின் அப்பா தேவராஜ். ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் செலக்‌ஷன் பிரிவு. காலையிலிருந்து சாயங்காலம் வரை மேசையில் விழும் ஒவ்வொரு தோலையும் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு ஒதுக்குவது அவர் வேலை. கை கழுவிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். திரையைத் திருப்பி வைத்து, "இதுல ஒரு காரணத்தைச் சொல்லுங்க, நான் போட்டுடறேன்" என்றேன்.

பத்துக் காரணங்கள். தேவராஜ் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். அவர் தினமும் பார்க்கிற பட்டியல்தான். இங்கே எல்லாவற்றுக்கும் முன்னால் கேண்டிடேட் என்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"கேண்டிடேட் உப்புக் கறை. கேண்டிடேட் உண்ணிக்கடித் தழும்பு." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இன்னாம்மா இது?"

"சும்மா ஒரு பேருக்குத்தான். ஏதாவது ஒன்னு சொல்லுங்க."

"தடிமன் கம்மி. லூஸ் கிரெய்ன். கலர் வித்தியாசம்." அங்கே விரல் நின்றது. "கலர் வித்தியாசம்னு பொண்ணு பார்க்க வர்றவன் சொல்வான். காலேஜுமா சொல்லும்?"

"அப்பா, எதையாவது போட்டு விடுப்பா. திங்கக்கிழமை போவணும்" என்றாள் எஸ்தர்.

"நீ சும்மா இரு." தேவராஜ் எழுந்து நின்றுவிட்டார். "சார், நாள் முழுக்க ரிஜெக்ட் போட்டுப் போட்டு என் கை காச்சிப் போச்சி. வேல அது, போடறேன். எம் வூட்ல ஒரே ஒரு உருப்படி சார் இது. இதுக்கு நான் ரிஜெக்ட் போட மாட்டேன். அவ வேல போனா போவுது."

எனக்கு அழுகை வந்தது. அதே நேரம் அந்தப் பட்டியலை நான்தான் தட்டச்சு செய்தேன் என்பதால் சிரிப்பும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் மனுஷிக்கு இருமல்தான் வரும். இருமினேன்.

தேவராஜ் உட்காராமலே குனிந்து கடைசி வரியைப் படித்தார். பத்தாவது காரணம்: 'சரக்கில் குறை இல்லை, அனுப்பியவர் தவறு.'

"இதப் போடுங்க. இது சரி" என்றார்.

"அனுப்பியவர் துறை. துறை தவறு செய்ததாக நான் கையெழுத்துப் போட முடியாது. நிரூபணம் இல்லாமல்" என்றார் பேராசிரியர்.

"எம் பொண்ணு மேல குறைன்னு மட்டும் நிரூபணம் இல்லாம போடலாமா சார்?"

நியாயமான கேள்வி என்று பேராசிரியர் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் நகரவில்லை. மணி பன்னிரண்டைத் தாண்டிக்கொண்டிருந்தது.

பாய்தான் அப்போது பேசினார். "ரெண்டு பேரும் பேஜார் பண்ணாதீங்கோ. பார்ட்டி இல்லன்றான், ஷாப்புக்காரன் ஆமான்றான்னா நம்ம லைன்ல இன்னா பண்ணுவோம்? ஜாயின்ட் இன்ஸ்பெக்‌ஷன். ரெண்டு பேரும் ஒன்னா நின்னு சரக்கைப் பார்த்துடுங்கோ. விஜயா, அந்தத் திரையைப் போடும்மா."

போட்டேன். முதல் கேள்வி: 'சரக்கை வடக்குச் சன்னலின் இயற்கை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தீர்களா?' தோலைத் தரம் பார்க்க அந்த வெளிச்சம்தான் வேண்டும். டியூப் லைட்டில் குறை ஒளிந்துகொள்ளும்.

"ஆமான்னு அடிச்சுடறேன் சார்" என்றேன்.

"பார்க்கவில்லையே. எப்படி ஆம் என்று அடிப்பீர்கள்?" என்றார் பேராசிரியர். தம் அறையைச் சுற்றிப் பார்த்தார். வடக்குப் பக்கம் சன்னல் இருந்தது. அதை மறைத்துக்கொண்டுதான் சர்வர் பீரோ நின்றது.

நகர்த்தினோம். பேராசிரியர், பாய், தேவராஜ், கிளார்க், நான். உள்ளே சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. வயரும் அறுந்துவிடக் கூடாது, வெப்சைட்டும் விழுந்துவிடக் கூடாது. பீரோவை அங்குலம் அங்குலமாகத் தள்ளும்போது யு.பி.எஸ். குழந்தை மாதிரி கத்தியது. "ஹவுளே ஹவுளே, மெதுவா" என்று பாய் சொல்லிக்கொண்டே வந்தார். எஸ்தர் வயரைக் கையில் ஏந்திக்கொண்டு கூடவே நடந்தாள். சன்னலைத் திறந்ததும் பல வருடத்து ஒட்டடையோடு வெளிச்சம் உள்ளே வந்தது.

எல்லோரும் எஸ்தரைப் பார்த்தோம். அடுத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. திரையில் 'கிரெய்ன் பக்கம், சதைப் பக்கம்' என்று தோலின் மேற்புறத்துக்கும் உட்புறத்துக்குமான இரண்டு கட்டங்கள் காத்திருந்தன. பேராசிரியர் சங்கடப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

எஸ்தர்தான் அதை உடைத்தாள். "என்னை எதுக்கு சார் பார்க்கணும்? நான் எழுதாம விட்ட பேப்பர்ல இருந்து ஒன்னு கேளுங்க. அதான சரக்கு?"

பேராசிரியரின் முகம் மலர்ந்தது. தொடர்வரிசைகள் பற்றிய ஒரு தேற்றத்தைச் சொன்னார். ஏறிக்கொண்டே போகும் தொடர்வரிசை, ஆனால் ஒரு எல்லையைத் தாண்டுவதில்லை. அது கடைசியில் ஓரிடத்தில் போய்ச் சேர்ந்தே தீரும் என்று நிரூபிக்க வேண்டும். அறையில் கரும்பலகை இல்லை. தேவராஜ் நீலக் கோட்டின் பையில் கைவிட்டு, ரிஜெக்ட் வட்டம் போடும் சாக்பீஸை எடுத்து மகளிடம் நீட்டினார்.

எஸ்தர் பீரோக் கதவில் எழுதினாள். சாம்பல் நிறக் கதவில் வெள்ளை எழுத்து பளிச்சென்று இருந்தது. பேராசிரியர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரிக்கும் "ஏன்?" என்றார். அவள் எழுதிக்கொண்டே பதில் சொன்னாள். ஓரிடத்தில் "ஏன்?" என்று அவர் கேட்டதற்கு, "ஏன்னா வேற வழி இல்ல சார்" என்றாள். அவர் சிவப்புப் பென்சிலை வெளியே எடுத்தார், மறுபடி பையில் வைத்துக்கொண்டார். தேவராஜுக்கு அதில் ஒரு வரியும் புரிந்திருக்காது. ஆனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, மேலிருந்து கீழாக அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷாப்பில் அப்படித்தான் பார்ப்பார் போலும்.

"சரி" என்றார் பேராசிரியர். திரை முன் நின்றுகொண்டு பட்டியலை உரக்கப் படிக்கத் தொடங்கினார். "உப்புக் கறை?"

"இல்ல சார்" என்றார் தேவராஜ்.

"இல்லை. நீக்குங்கள். உண்ணிக்கடி? இல்லை. தடிமன் கம்மி? இல்லை. லூஸ்? இல்லை, மிகவும் இறுக்கமான நிரூபணம். கலர் வித்தியாசம்? பொருந்தாது. பூஞ்சை? இல்லை. சுருக்கம்? இல்லை. கத்தி வெட்டு? இல்லை. வாடை?"

"சார்!" என்றார் தேவராஜ்.

"இல்லை. நீக்குங்கள்." பென்சிலை மறுபடி எடுத்து மேசையைத் தட்டினார். "காரணங்கள் பத்து. ஒன்பது பொய். ஆகவே பத்தாவது உண்மை. சரக்கில் குறை இல்லை, அனுப்பியவர் தவறு." துறை முத்திரையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். "அனுப்பியவர் யார்? துறை. துறைக்குப் பொறுப்பு யார்? நான். நிரூபணம் முடிந்தது."

அச்செடுத்த தாளில் கையெழுத்துப் போட்டு, முத்திரையையும் அவரே குத்தினார். தாம் செய்த தவறுக்கு அவ்வளவு திருப்தியாகக் கையெழுத்துப் போட்ட மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எஸ்தர் தரைக்கு வந்தாள். கிளார்க் மதிப்பெண்ணை ஏற்றினார். ஒரு மணி அடிக்கப் போகிறது. கடைசியாக ஒரு கேள்வி திரையில் வந்தது, எந்த ரிட்டர்னுக்கும் வருவது: 'சரி செய்யப்பட்ட சரக்கைப் பார்ட்டி ஏற்றுக்கொள்கிறாரா?' ஆம் என்றால் ஒய், இல்லை என்றால் என். நான் விசையில் விரலை வைக்கப் போனேன்.

"பார்ட்டி யாரோ அவர்தான் அடிக்க வேண்டும்" என்றார் பேராசிரியர்.

தேவராஜ் அதற்கு முன் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. ஒய் எங்கே இருக்கிறது என்று காட்டினேன். உள்ளங்கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு, காய்த்துப்போன ஆள்காட்டி விரலால் மெதுவாக அழுத்தினார். அழுத்திவிட்டு, திரையைப் பார்க்காமல் மகளைப் பார்த்து, "எடுத்துக்கினேன் சார்" என்றார்.

சான்றிதழ் அச்சாகி வெளியே வந்து விழவும், திரை முழுக்க இளம்பச்சையில் 'இடைவேளை' என்று வரவும் சரியாக இருந்தது. பாய் சான்றிதழின் ஓரத்தைப் பிடித்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு எஸ்தரிடம் கொடுத்தார். திங்கட்கிழமை அவள் ஜோலார்பேட்டையில் வகுப்பெடுத்தாள். பீரோவைப் பழைய இடத்துக்குத் தள்ள வேண்டாம், வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

அடுத்த கமிட்டியில் விதி மாறி, தாமதமாக வரும் மதிப்பெண்ணுக்கு நேர் வழி வைத்தோம். ரிட்டர்ன் திரையை அதன் பிறகு யாரும் திறக்கவில்லை.

நான் போனை வைத்த மறுநாள் நிவேதாவே மறுபடி கூப்பிட்டாள். நல்ல பெண், கோபத்தை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

"மேடம், ரிட்டர்ன்ஸ்னு ஒரு டேபிள். அதுல ஒரே ஒரு ரெகார்டுதான் இருக்கு. எஸ்தர்னு பேர். டெஸ்ட் டேட்டான்னு அழிச்சிடவா?"

மேலே எழுதியதையெல்லாம் அவளிடம் சொன்னேன். நடுவில் இரண்டு முறை சிரித்தாள்.

"புது சிஸ்டத்துல இதுக்கு இடமே இல்லையே மேடம். ஒரு ஸ்டூடன்ட் ரெகார்டைத் திரும்பத் திறக்கணும்னா காரணம் நாலுதான். ஃபெயில், நின்னுட்டாங்க, வேற காலேஜ் போய்ட்டாங்க, ஒழுங்கு நடவடிக்கை."

"துறையோட தவறுன்னு ஒன்னு இல்லையா?"

"இல்ல மேடம். சேர்க்கணும்னா கமிட்டி கூடணும்."

பின்னணி நிறம் என்ன என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

"சரிம்மா. தடிமனை எடுத்துடுங்க, டிரம் நம்பரை எடுத்துடுங்க, சுண்ணாம்பு, உப்பு எல்லாத்தையும் எடுத்துடுங்க. அந்த ஒரு வரியை மட்டும் எங்கயாவது ஒரு மூலைல வச்சிருங்க. கடைசிக் கட்டத்துல ஒரு ஒய் இருக்கு பாருங்க."

"இருக்கு மேடம்."

"அது தேவராஜ் அடிச்சது."